புதிதாக வந்த கேமுக்கு விமர்சனம் எழுதுவது: இண்டியும் ஆர்பிஜியும்

இந்த அத்தியாயம் ஒரே ஒரு வேலைக்கானது. புதிதாக வெளியான கேமை விளையாடிப் பார்த்து, அதை வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் ஒருவருக்குத் தமிழில் எழுதிச் சொல்லும் வேலை அது. அந்த ஒருவரைப் பாய் நெய்யும் ஊரான பத்தமடையில் வைத்தே நினைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் இருப்பது பழைய மடிக்கணினி. பள்ளி முடிக்கும்போது அரசு கொடுத்ததாகக்கூட இருக்கலாம். தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. நெட் போன் ஹாட்ஸ்பாட்டில் ஓடுகிறது. கேமுக்கென்று அவர் எடுத்துவைக்கும் பணம் கொஞ்சம்தான். அது வீணானால் அடுத்த கேமுக்குப் பல மாதம் காத்திருக்க வேண்டும். விலையுயர்ந்த கணினியில் விளையாடி, வெளிநாட்டில் ஆங்கிலத்தில் எழுதிய விமர்சனம் இவருக்குப் பாதிதான் உதவும். மீதியை எழுத வேண்டியவர் நீங்கள்.

பெரிய நிறுவனத்தின் முதலீடு இல்லாமல் சிறு குழுவோ தனி ஆளோ செய்வது இண்டி கேம். ஒரு பாத்திரத்தை ஏற்று, அதன் திறமைகளை வளர்த்து, நம் முடிவுகளால் கதையை நகர்த்துவது ஆர்பிஜி. இரண்டும் ஒரே கேமில் சேர்ந்தும் வரும். 2015இல் வந்த அண்டர்டேல் அப்படிப்பட்டது. இந்த அளவு விளக்கம் போதும், வேலைக்கு வருவோம்.

## எதில் கை பழகுவது

முதல் விமர்சனத்தைப் பெரிய ஆர்பிஜியில் தொடங்காதீர்கள். பாதி வழியில் நின்றுவிடும். ஒரே மாலையில் முடிகிற இண்டி கேம் ஒன்றை எடுங்கள். அதுவும் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த வாழ்க்கையைப் பேசுவதாக இருந்தால் நல்லது.

பயிற்சிக்கு நான் சொல்வது ‘வெண்பா’. கனடாவின் டொரண்டோவில் இயங்கும் விசை கேம்ஸ் என்ற சிறு குழு செய்தது. 2023 ஜூலை 31இல் வெளியானது. 1980களில் கனடாவுக்குப் போன தமிழ்த் தம்பதி வெண்பாவும் பாவலனும், அவர்கள் மகன் கவினும்தான் கதை. வெண்பாவின் அம்மா எழுதிய சமையல் குறிப்பேடு கிழிந்தும் மங்கியும் போயிருக்கிறது. விடுபட்ட இடங்களை நாம் ஊகித்து இட்லி, புட்டு, பிரியாணி என்று சமைக்க வேண்டும். சுமார் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். 2024இல் இண்டி கேம்களுக்கான ஐஜிஎஃப் விழாவில் பெரும்பரிசும், பாஃப்டாவில் அறிமுகப் படைப்புக்கான விருதும் இதற்குக் கிடைத்தன.

இது புது கேம் இல்லையே என்று கேட்கலாம். அதுதான் வசதி. உலகம் முழுக்க இதற்கு விமர்சனங்கள் வந்துவிட்டன. நீங்கள் எழுதி முடித்த பிறகு அவற்றோடு வைத்துப் பார்க்கலாம். எதைத் தவறவிட்டீர்கள், மற்றவர்கள் பார்க்காத எதைப் பார்த்தீர்கள் என்று தெரியும்.

மற்றவர்கள் பார்க்காதது இதில் நிறைய உண்டு. இட்லிக் கொப்பரையில் தட்டுகளை எப்படி அடுக்குவது, புட்டுக்குழலில் எதை முதலில் போடுவது என்பதெல்லாம் இந்த கேமில் புதிர்கள். அமெரிக்க விமர்சகர் ஒருவர் யோசித்துத்தான் விடை கண்டுபிடிப்பார். நம் ஊர்ச் சமையலறையில் வளர்ந்தவருக்கு விடை முன்பே தெரியும். அப்படியானால் தமிழருக்கு இது புதிராகவே இருக்காதா? இருக்காதென்றால் கேமின் சுவை குறைகிறதா, அல்லது தெரிந்த வேலையைத் திரையில் செய்யும் மகிழ்ச்சி அதை ஈடுகட்டுகிறதா? இந்தக் கேள்வியைக் கேட்கும் இடத்தில் இருப்பவர் நீங்கள். அதற்கு உங்கள் விடையைக் காரணத்தோடு எழுதினாலே விமர்சனத்தின் முதுகெலும்பு கிடைத்துவிடும்.

குறிப்பு: கேமே விளையாடாத, ஆனால் நன்றாகச் சமைக்கத் தெரிந்த அம்மாவையோ அத்தையையோ பக்கத்தில் உட்காரவைத்து ஒரு கட்டத்தை ஆடச் சொல்லுங்கள். அவர்கள் எங்கே தயங்குகிறார்கள் என்று கவனியுங்கள். சமையலில் தயங்கினால் புதிர் சரியில்லை. மவுஸைப் பிடிப்பதில் தயங்கினால் கட்டுப்பாடு புதியவர்களுக்குக் கடினம். இரண்டும் தனித்தனிச் செய்தி.

பலரும் செய்யும் தவறு: நம்மவர் கதை என்பதற்காகவே பாராட்டிவிடுவது. புணேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் 2020இல் வெளியிட்ட ‘ராஜி’யின் அரண்மனைகள் கண்ணை நிறைக்கும், சண்டையில் அசைவுகள் அதே அளவு கைக்குள் வருவதில்லை. இலங்கை, இந்தியப் பின்னணி கொண்ட ஜாலா என்ற பெண், பழைய காதலர்களோடு வாய்ச்சண்டையும் கைச்சண்டையுமாக மோதும் ‘தர்ஸ்டி சூட்டர்ஸ்’ 2023 நவம்பரில் வந்தது. அதன் குடும்பப் பேச்சுகள் மனதில் நிற்கின்றன. ஸ்கேட்போர்டு பகுதி அவ்வளவு நிற்பதில்லை. இரண்டு பக்கத்தையும் சொன்னால்தான் அந்தக் குழுக்களுக்கும் மரியாதை.

## தொடங்குமுன்

1. இடத்தையும் நெட்டையும் கணக்கிடுங்கள். ஸ்டார்டியூ வேலி என்ற இண்டி கேமுக்கு 500 எம்பி இடம் போதும். பால்டர்ஸ் கேட் 3 என்ற ஆர்பிஜி கேட்பது 150 ஜிபி. நாளுக்கு 2 ஜிபி தரும் போன் பேக்கில் அவ்வளவையும் இறக்க 75 நாள் ஆகும். வீட்டில் பிராட்பேண்ட் இல்லாதவர் வெளியான வாரத்தில் பெரிய ஆர்பிஜி பற்றி எழுத முடியாது, இண்டியோடு நில்லுங்கள். இந்தக் கணக்கை விமர்சனத்திலும் ஒரு வரியாகச் சேருங்கள். வாசகருக்கும் அதே பேக்தான்.

2. கணினி விவரத்தை எழுதிவையுங்கள். பிராசசர், ரேம், கிராபிக்ஸ், எந்த ஆண்டு வாங்கியது. கேமின் பதிப்பு எண் பெரும்பாலும் முதல் திரையின் மூலையில் இருக்கும், அதையும் குறியுங்கள். கேம் விற்கும் தளமான ஸ்டீமின் அமைப்புகளில் எஃப்பிஎஸ், அதாவது நொடிக்கு எத்தனை படம் ஓடுகிறது என்று காட்டும் வசதி உண்டு. அதை முதலிலேயே போட்டுவிடுங்கள்.

3. டெமோ இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டீம் நெக்ஸ்ட் ஃபெஸ்ட் என்ற விழா பிப்ரவரி, ஜூன், அக்டோபர் என ஆண்டுக்கு மூன்று முறை நடக்கிறது. வரப்போகும் கேம்களின் டெமோக்களை அப்போது இலவசமாக ஆடலாம். காசு செலவழிக்காமல் விமர்சனம் பழக இதைவிட நல்ல வாய்ப்பு இல்லை. டெமோவை வைத்து எழுதினால் தலைப்பிலேயே டெமோ என்று போடுங்கள்.

4. வாங்கினால் விதியை நினைவில் வையுங்கள். வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தரும். கணினியில் ஓடாத கேமுக்கு இதைத் தயங்காமல் கேளுங்கள். ஆனால் வெண்பா போன்ற கேம் அந்த 2 மணி நேரத்துக்குள்ளேயே முடிந்துவிடும். முழுக்க ஆடிவிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்பது சிறு குழுவின் வயிற்றில் அடிப்பது. அதைச் செய்யாதீர்கள்.

5. மற்ற விமர்சனங்களை மூடிவையுங்கள். படித்துவிட்டு ஆடினால் அவர்கள் சொன்னதைத்தான் கண் தேடும்.

## விளையாடும்போது

நோட்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பத்தி போடுங்கள்: இடப்பக்கம் என்ன நடந்தது, வலப்பக்கம் என்ன தோன்றியது. நேரத்தையும் குறியுங்கள். “40ஆவது நிமிடம், பாலம் தாண்டும்போது கேம் நின்றது, சேவ் ஆகவில்லை” என்பது இடப்பக்கம். “எரிச்சல்” என்பது வலப்பக்கம். எழுத உட்காரும்போது இடப்பக்கம்தான் அதிகம் கைகொடுக்கும்.

முதல் அரை மணி நேரத்தைத் தனியாகக் கவனியுங்கள். எதைச் செய்ய வேண்டும் என்று கேம் சொல்லித்தருகிறதா, நீங்களாகக் கண்டுபிடித்தீர்களா? ஒரு கேம் பழகிவிட்டால் தொடக்கத்தில் இருந்த குழப்பம் மறந்துபோகும். வாங்கப்போகிறவர் நிற்பது அந்தத் தொடக்கத்தில்தான்.

ஸ்டீமில் எஃப்12 அழுத்தினால் திரையில் இருப்பது படமாகப் பதிவாகும். பிழை (பக்) வந்த இடத்தையெல்லாம் எடுத்துவையுங்கள். அதே இடத்துக்கு மறுபடி போய், மறுபடி நடக்கிறதா என்று பாருங்கள். ஒருமுறை மட்டும் நடந்ததை ஒருமுறை நடந்தது என்றே எழுதுங்கள்.

## ஆர்பிஜிக்கு மட்டும்

ஆர்பிஜி விமர்சனம் தடுமாறுவது நேரத்தில்தான். முழுக்க முடிக்க 60, 80 மணி நேரம் கேட்கும் கேமை வெளியான நாளில் யாரும் நேர்மையாக அளந்துவிட முடியாது. பால்டர்ஸ் கேட் 3 இதற்கு நல்ல பாடம். 2020 அக்டோபரில் முன்னோட்டமாக விற்கத் தொடங்கியபோது அதில் முதல் பாகம் மட்டுமே இருந்தது. 2023 ஆகஸ்ட் 3இல் முழுக் கேமும் வந்தது. நகரத்துக்குள் நடக்கும் மூன்றாம் பாகம் கணினியை முதல் பாகத்தைவிட அதிகம் திணறவைத்தது. முதல் பாகத்தை மட்டும் ஆடி “அருமையாக ஓடுகிறது” என்று எழுதியிருந்தால், வாங்கியவர் கடைசியில் மாட்டிக்கொள்வார்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள்:

1. எத்தனை மணி நேரம் ஆடினீர்கள், கதையின் எந்தப் பகுதி வரை போனீர்கள் என்பதை விமர்சனத்தின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். முடிக்கவில்லை என்றால் முடிக்கவில்லை.

2. முடிக்காமல் வெளியிட்டால் “முதல் பார்வை” என்று பெயரிடுங்கள். முழு விமர்சனம் எப்போது வரும் என்று தேதி சொல்லி, அந்தத் தேதியில் வெளியிடுங்கள்.

3. பெரிய முடிவு எடுக்கும் இடத்துக்கு முன் தனி சேவ் வையுங்கள். ஒரு வழியில் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து மற்ற வழியிலும் போங்கள். இரண்டிலும் அடுத்த காட்சி ஒன்றுதான் என்றால், தேர்வு இருப்பதாகக் கேம் பாவனை செய்கிறது. இதைக் கண்டுபிடித்துச் சொல்வது ஆர்பிஜி விமர்சகரின் முக்கியமான வேலை. சில கேம்கள் இந்தச் சோதனையையே கவனித்துவிடும். பழைய சேவை மீண்டும் ஏற்றினாலும், முன்பு நீங்கள் செய்ததை அண்டர்டேல் மறப்பதில்லை.

4. ஒரே வகைப் பாத்திரத்தோடு நின்றுவிடாதீர்கள். வாள்வீரராகத் தொடங்கியிருந்தால், முதல் மூன்று மணி நேரத்தைப் பேச்சுத் திறமை உள்ளவராக மறுபடி ஆடுங்கள். சண்டையில்லாமல் பேசியே தப்பிக்க வழி உண்டா என்று அப்போதுதான் தெரியும்.

5. கிளைப்பணிகளில் மூன்றையாவது முடியுங்கள். “பத்து ஓநாயைக் கொன்று வா” என்ற வகையா, தனிக் கதை உள்ள வகையா என்று குறியுங்கள்.

அடுத்தது தமிழ் வாசகருக்காக நான் வலியுறுத்திச் சொல்வது: ஆங்கிலம் எவ்வளவு கடினம்? ஆங்கில விமர்சனங்கள் இதைப் பற்றிப் பேசுவதில்லை; அவர்களுக்கு அந்தக் கேள்வியே எழாது. 2019இல் வந்த டிஸ்கோ எலிசியம் மிகச் சிறந்த ஆர்பிஜிகளில் ஒன்று. வழக்கமான சண்டையே அதில் கிடையாது. படிப்பதும் தேர்ந்தெடுப்பதும்தான் ஆட்டம். அதன் எழுத்து பத்து லட்சம் சொற்களைத் தாண்டும். நீண்ட வாக்கியங்கள், தத்துவம், அரசியல், கொச்சை எல்லாம் கலந்த ஆங்கிலம். தமிழ்வழியில் படித்த ஒருவர் அதை வாங்கினால் முதல் ஒரு மணி நேரத்திலேயே அகராதியைத் தேட வேண்டிவரும். ஸ்டார்டியூ வேலியை அதே ஆள் சிரமமில்லாமல் ஆடுவார். எனவே ஒவ்வொரு விமர்சனத்திலும் இந்த மூன்றையும் எழுதுங்கள்: வசனங்கள் குரலில் வருகின்றனவா, படிக்க மட்டுமா; எழுத்தின் அளவைப் பெரிதாக்க முடிகிறதா; வசனம் நம் வேகத்துக்குக் காத்திருக்கிறதா, தானாக ஓடிவிடுகிறதா.

## எழுதும் வரிசை

1. முதல் இரண்டு வாக்கியத்தில் இந்தக் கேமில் நாம் என்ன *செய்கிறோம்* என்று சொல்லுங்கள். கதைச் சுருக்கம் பிறகு.
2. எதில் ஆடினீர்கள், எவ்வளவு நேரம், கேம் எப்படிக் கிடைத்தது.
3. நன்றாக இருப்பதில் ஒன்றை எடுத்து, ஒரு காட்சியை வைத்து விளக்குங்கள்.
4. சரியில்லாததையும் அப்படியே ஒரு காட்சியை வைத்து விளக்குங்கள்.
5. மொழி, டவுன்லோடு அளவு, பக்.
6. யாருக்குப் பிடிக்கும், யார் தள்ளுபடிக்குக் காத்திருக்கலாம்.

நோட்டில் இருப்பதை வாக்கியமாக்குவதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். “கிராபிக்ஸ் சூப்பர், ஸ்டோரி செம, மிஸ் பண்ணாதீங்க” என்று எழுதினால் எந்தக் கேமுக்கும் அது பொருந்தும். வெண்பாவுக்கு இப்படி எழுதிப் பாருங்கள்: “குறிப்பேட்டில் ஒரு வரி அழிந்திருக்கிறது. அம்மா அங்கே என்ன எழுதியிருப்பாள் என்று யோசித்துக்கொண்டேதான் மாவை ஊற்ற வேண்டும். தப்பாகச் செய்தால் தண்டனை இல்லை; மறுபடி செய்யலாம். சவால் தேடுகிறவருக்கு இது குறையாகத் தெரியும்.” இதில் புகழ்ச்சிச் சொல் ஒன்றுகூட இல்லை. படிப்பவர் தனக்கு ஒத்துவருமா என்று தானே முடிவெடுத்துவிடுவார்.

கதையின் திருப்பங்களைச் சொல்லாதீர்கள். முதல் கால் பகுதிக்கு மேல் நடப்பதைத் தொடவே வேண்டாம். தொட்டே ஆக வேண்டுமென்றால் தனிப் பத்தியில், முன்னெச்சரிக்கையோடு எழுதுங்கள். வெண்பாவின் பின்பாதியைப் பற்றி நானும் இங்கே எதுவும் சொல்லவில்லை.

### மதிப்பெண் போடலாமா?

போடாமல் இருப்பதே மேல் என்பது என் கருத்து. 2010இல் வந்த ஃபால்அவுட்: நியூ வேகஸ் என்ற ஆர்பிஜியைச் செய்த அப்சிடியன் நிறுவனத்துக்கு, விமர்சகர்களின் மதிப்பெண்களைத் திரட்டும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் சராசரி 85 வந்தால் ஊக்கத்தொகை என்று ஒப்பந்தம் இருந்தது. வந்தது 84. அதைச் செய்தவர்களில் ஒருவரான கிறிஸ் அவலோன் 2012இல் இதை வெளியே சொன்னார். விமர்சகர் யோசிக்காமல் போடும் ஒரு எண் எங்கே போய் முட்டும் என்று அவருக்கே தெரியாது.

ஒரே அளவுகோல் எல்லாவற்றுக்கும் ஒத்துவராது என்பதும் காரணம். பத்தமடையில் படுக்க வாங்கும் கோரைப்பாயும் உண்டு. மணமக்கள் பெயர் நெய்த, பட்டுப்போல் மடியும் கல்யாணப் பாயும் உண்டு. முதலாவதை இரண்டாவதோடு ஒப்பிட்டு யாரும் குறை சொல்வதில்லை. எதற்கு வாங்குகிறோமோ அதற்கு உதவுகிறதா என்றுதான் பார்க்கிறோம். ஒன்றரை மணி நேர இண்டியையும் 80 மணி நேர ஆர்பிஜியையும் பத்துக்கு எத்தனை என்று ஒரே வரிசையில் நிறுத்தாதீர்கள்.

## இலவச கீ கேட்பது

கீ என்பது கேமை ஸ்டீமில் திறக்கும் குறியீடு. நான்கைந்து விமர்சனம் வெளியிட்ட பிறகு, கேமைச் செய்த குழுவிடம் அதைக் கேளுங்கள். குழுவின் இணையதளத்தில் பத்திரிகையாளருக்கான முகவரி இருக்கும். மின்னஞ்சல் ஐந்தாறு வரி போதும்: யார், எந்த மொழியில் எழுதுகிறீர்கள், முன்பு எழுதியவற்றின் இணைப்பு, எந்தக் கணினியில் ஆடுவீர்கள். பாராட்டி எழுதுவதாக வாக்குக் கொடுக்காதீர்கள். இந்த நேரத்துக்கு முன் வெளியிடக் கூடாது என்று அவர்கள் சொன்னால் அதைக் காப்பாற்றுங்கள்.

இலவசமாகக் கிடைத்ததை விமர்சனத்தில் சொல்லியாக வேண்டும். பணமோ பொருளோ பெற்றுப் பேசுவோர் அதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்று இந்திய விளம்பரத் தர மன்றம் 2021இல் விதிமுறை வெளியிட்டது. ஸ்டீமில் எழுதும்போதும் இலவசமாகப் பெற்றதைக் குறிக்கக் கட்டம் உண்டு.

## பாதுகாப்பு

போலி மின்னஞ்சல். பெயர் கொஞ்சம் தெரிந்ததும் “எங்கள் கேமை விமர்சியுங்கள்” என்று ஃபைல் இணைத்த மின்னஞ்சல்கள் வரத் தொடங்கும். ஃபைலை நேரடியாகத் திறக்காதீர்கள். ஸ்டீம் கீ மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். ஸ்டீமிலேயே இருக்கிறது என்பதும் முழுக் காப்பு இல்லை. 2025 பிப்ரவரியில் பைரேட்ஃபை என்ற இலவச கேமில் தீம்பொருள் இருந்ததால் ஸ்டீம் அதை நீக்கி, இறக்கியவர்களை எச்சரித்தது. முன்பின் தெரியாத குழுவின் கேமை, வங்கிக் கணக்கு பார்க்கும் கணினியில் போடாதீர்கள்.

சூதாட்டப் பணம். பார்வையாளர்கள் சேர்ந்ததும் ரம்மி, பந்தயச் செயலிகளின் விளம்பரம் தேடி வரலாம். பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் தடைசெய்கிறது. அவற்றை விளம்பரம் செய்பவருக்கும் 2 ஆண்டு வரை சிறையோ 50 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. பதிலே போடாதீர்கள்.

கண்ணும் உடம்பும். 2020இல் சைபர்பங்க் 2077ஐ விமர்சனத்துக்காக ஆடிய அமெரிக்க இதழாளர் ஒருவருக்கு, அதில் வரும் மின்னும் ஒளிக் காட்சியால் வலிப்பு வந்தது. அவர் எழுதிய பிறகே நிறுவனம் எச்சரிக்கையைச் சேர்த்து அந்தக் காட்சியையும் மாற்றியது. வேகமாக மின்னும் காட்சி எங்கே வந்தாலும் விமர்சனத்தின் மேலேயே எழுதுங்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது வலிப்பு இருந்தால் அப்படி மின்னும் கேமைத் தொடாதீர்கள்.

சூடு. மெத்தையிலோ தலையணையிலோ மடிக்கணினியை வைத்து ஆடினால் காற்று போகும் வழி அடைபடும். பலகையிலோ மேசையிலோ வையுங்கள். சித்திரை வெயிலில் மத்தியானம் எடுத்த எஃப்பிஎஸ் அளவும் ராத்திரி எடுத்த அளவும் வேறுபடும்; இரண்டையும் எடுத்து, எது எப்போது என்று குறியுங்கள்.

## வெளியிட்ட பிறகு

சைபர்பங்க் 2077இன் கதை இங்கேயும் தேவைப்படுகிறது. வெளியீட்டுக்கு முன் விமர்சகர்களுக்குக் கிடைத்தது கணினிப் பதிப்பு மட்டும்; தாங்கள் பதிவுசெய்த காட்சிகளைக் காட்டவும் அப்போது அனுமதி இல்லை. புகழ்ந்த விமர்சனங்களை நம்பிப் பழைய பிளேஸ்டேஷனுக்கு வாங்கியவர்கள் ஏமாந்தார்கள். 2020 டிசம்பர் 10இல் வெளியான கேமைச் சோனி ஒரே வாரத்தில் தன் கடையிலிருந்து எடுத்துவிட்டது. அடுத்த ஆண்டு ஜூனில்தான் அது திரும்பியது. பிழை திருத்தும் பேட்ச்கள் பல வந்த பிறகு, 2023 செப்டம்பரில் 2.0 பதிப்பு வந்தபோது, அது கிட்டத்தட்ட வேறு கேம் ஆகிவிட்டது.

ஆகவே விமர்சனத்தில் தேதியும் பதிப்பு எண்ணும் இருக்கட்டும். பெரிய பேட்ச் வந்தால் முன்பு குறித்த பக் இடங்களுக்கு மட்டும் போய்ப் பாருங்கள். சரியாகியிருந்தால் பழைய வாக்கியத்தை அழிக்காமல், கீழே புதுத் தேதியிட்டு ஒரு பத்தி சேருங்கள். வாசகர் யாராவது “என் கணினியில் ஓடவில்லை அண்ணே” என்று எழுதினால், அவர் கணினி விவரத்தைக் கேட்டு வாங்கி, பெயரில்லாமல் அந்தப் பத்தியில் சேர்த்துவிடுங்கள்.